மருந்தின் வலிமை யாருடைய சொத்து?

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் யாருடையது என்று கேட்டால், "என்னுடையது" என்று சொல்லத் துணிபவர் எவருமில்லை. அணைக்கட்டுக்குக் கிட்ட வயல் உள்ளவருக்கும், வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவருக்கும் அது பொது. இன்று மட்டக்களப்பு நகரத்தார் குழாயைத் திறந்து குடிப்பதும் அக்குளத்துத் தண்ணீரையே. ஆதலினாற்றான் போகத்துக்குப் போகம் கூட்டம் கூடி, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் தண்ணீர் திறப்பது என்று தீர்மானிக்கிறார்கள். வட்டை விதானை முறை பார்க்கிறார். இரவோடிரவாக வாய்க்காலை மறித்துத் தன் வயலுக்குத் திருப்பியவனை ஊர் கண்டிக்கிறது. அவன் யாருடைய பெட்டியையும் உடைக்கவில்லை. ஆயினும் கடைசி வயற்காரரின் பயிர் கருகும்போது, கருகியதற்குக் காரணம் உண்டு. காரணமானவனுக்கு ஒரு முகமும் உண்டு.

மருந்துக்கும் இப்படியொரு பொதுத்தன்மை உண்டா? நான் குளிசையைக் காசு கொடுத்து வாங்குகிறேன். நெல்லுக்கு அடிக்கும் பங்கசு நாசினியையும் காசு கொடுத்தே வாங்குகிறேன். வாங்கிய பொருள் என்னுடையதுதான். ஆனால் அதன் வலிமை? மருந்து போத்தலில் இருக்கிறது. அது நோயைக் கொல்லுமா கொல்லாதா என்பது போத்தலில் இல்லை. அது கிருமியைப் பொறுத்தது. கிருமியோ ஊருக்கெல்லாம் பொது. நான் மருந்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும், அதற்குச் சாகாத சிலவற்றைப் பெருகவிடுகிறேன். அவை என் வரம்போடு நின்றுவிடுவதில்லை.

பற்றீரியாக்கள் மருந்துக்கு அடங்காமற் போவதைப் பற்றி நாம் ஓரளவு கேள்விப்பட்டிருக்கிறோம். பங்கசுக்களின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாணுக்கு மாவைப் பொங்கச் செய்யும் மதுவத்தைப் போன்ற நுண்ணுயிர்கள் சில நம் வாயிலும் குடலிலும் எந்நாளும் குடியிருக்கின்றன. கண்டிடா என்பது அவற்றின் பெயர். பச்சிளங் குழந்தையின் நாவில் வெள்ளையாகப் படிந்து தாயைக் கலங்கச் செய்வதும் அதுவே. உடல் திடமாக இருக்கும்வரை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. உடலின் காவல் தளர்ந்தால் நிலைமை வேறு. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேற்றும் பிள்ளை, சிறுநீரகம் மாற்றியவர், எச்.ஐ.வி. தொற்றியவர், மாதம் முற்றாமற் பிறந்த சிசு, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்கள் பொருத்தப்பட்டுக் கிடக்கும் முதியவர் ஆகியோரிடத்தில் அது இரத்தத்துக்குள் புகுந்துவிடும். புகுந்தால், மருந்து கொடுத்தும் ஏறத்தாழ மூவரில் ஒருவரை இழக்க நேரிடுகிறது. நம்மவர்களுக்கு மகரகமை வாட்டுகளும் தெரியும், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவும் தெரியும். அங்கே உறவினர் ஒருவர் படுத்திராத குடும்பம் இன்று அரிது.

இந்நோய்க்கு மருந்துகள் மிகச் சில. காரணம் வியப்பானது. பற்றீரியா நமக்கு வெகு தூரத்து உயிர். பங்கசோ, உயிரணுவின் அமைப்பில் நமக்கு நெருங்கிய உறவு. அதைக் கொல்லும் நஞ்சு நம்மையும் கொல்லக் கூடும். நம் உயிரணுவின் சவ்வில் கொலஸ்திரோல் இருக்கும் இடத்தில் பங்கசுவுக்கு எர்கொஸ்திரோல் என்றொரு பொருள் இருக்கிறது. அந்தச் சின்ன வேற்றுமையைப் பிடித்துக்கொண்டே பெரும்பாலான மருந்துகள் வேலை செய்கின்றன. இரத்தத்தில் புகுந்த கண்டிடாவுக்கு எதிராக இன்று வைத்தியரின் கையில் முக்கியமாக இருப்பவை மூன்று மருந்துக் குடும்பங்கள். ஒன்று கைவிட்டால் இரண்டு. இரண்டும் கைவிட்டால் ஒன்று.

இம்மருந்துகளில் முதலில் வந்தவற்றின் பிறப்பைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஐக்கிய அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில் இரு பெண்கள் பணியாற்றினார்கள். எலிசபெத் ஹேசன் நியூயோர்க் நகரத்தில். றேச்சல் பிறவுண் ஓல்பனியில். ஒருவர் மண் மாதிரிகளிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்துத் தபாலில் அனுப்புவார். மற்றவர் அவற்றின் சாரத்தைப் பிரித்தெடுத்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். வேர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பண்ணையில் ஹேசன் அள்ளிய மண்ணிலிருந்து, மனிதருக்கு ஆபத்தின்றிப் பங்கசைக் கொல்லும் மருந்து கிடைத்தது. 1950இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். தம் மாநிலத்தின் பெயரை வைத்து நிஸ்டற்றின் என்றார்கள். குழந்தையின் வாய்க்கு இன்றும் துளித்துளியாக விடப்படும் மருந்து அதுவே. அதன் உரிமத்தால் வந்த ஏறத்தாழ 130 இலட்சம் டொலரில் அவர்கள் ஒரு சதமேனும் தமக்கென எடுக்கவில்லை. முழுவதையும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார்கள். பண்ணை மண், அரசாங்கச் சம்பளம், இரு பெண்களின் உழைப்பு ஆகியவற்றிலிருந்து வந்த மருந்து அது. பொதுச் சொத்து என்று ஒன்றைச் சொல்லலாமென்றால் இதைச் சொல்லலாம்.

பின்னர் வந்தது அசோல் என்னும் குடும்பம். அதில் புளூக்கொனசோல் 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஊசி வேண்டாம், குளிசையாக விழுங்கலாம், பக்கவிளைவும் குறைவு. எயிட்ஸ் உச்சத்தில் இருந்த காலம் அது. வாயிலும் உணவுக்குழாயிலும் கண்டிடா படர்ந்து, உமிழ்நீரை விழுங்கவும் மாட்டாதிருந்தவர்கள் சில நாட்களில் சோறுண்டார்கள். ஆனால் காவல் திரும்பாத உடலில் நோய் திரும்பத் திரும்ப வந்தது; மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக அதே குளிசை கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அவர்களிற் பலருடைய வாயில் மருந்துக்கு அடங்காத கண்டிடா தோன்றியது. மருந்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகளை அது பெருக்கிக்கொண்டது. மருந்து பற்றும் இடத்தின் உருவையே மாற்றிக்கொண்டது.

இங்கே யாரைக் குற்றம் சொல்வது? சாகக் கிடந்தவன் தன் பசி தீர விழுங்கிய குளிசைக்கு அவன்மேல் பழி போடும் அறம், அறமே அல்ல. "மருந்தை வீணாக்காதே" என்று பொதுவாக உபதேசிப்பவர்கள் முதலில் இந்த நோயாளியின் முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும். அதே காலத்தில் தென்னாபிரிக்காவில் ஏழைகளுக்கு இம்மருந்து கிடைக்கவேயில்லை, விலை அப்படி. 2000ஆம் ஆண்டு சாக்கி அக்மட் என்பவர் தாய்லாந்தில் மிக மலிவாக விற்ற அதே மருந்தை வாங்கி, காப்புரிமைச் சட்டத்தை வெளிப்படையாக மீறித் தம் நாட்டுக்குள் கொண்டுவந்தார். ஓரிடத்தில் மருந்து மிதமிஞ்சிப் பாய, இன்னோரிடத்தில் ஒரு சொட்டும் எட்டவில்லை. நம் நாட்டிலும் 2022இல் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, மருந்து இல்லாத வாட்டு என்றால் என்னவென்று கண்டோம். ஆதலால் மருந்தின் வலிமையைக் காக்க வேண்டும் என்ற பேச்சு, ஏழைக்கு மருந்தை மறுக்கும் பேச்சாக மாறிவிடலாகாது.

இவ்வளவும் பழைய கண்டிடாவின் கதை. அது மருந்துண்டவரின் உடலுக்குள்ளேயே மாறியது. பெரும்பாலும் அவரோடு நின்றது. புதிய கண்டிடா அப்படியன்று.

2009இல் தோக்கியோவில் மூதாட்டி ஒருவரின் காதிலிருந்து அதுவரை அறியப்படாத ஓர் இனத்தை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். காதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் கண்டிடா ஓரிஸ் என்று பெயரிட்டார்கள். தில்லியில் இரு வைத்தியசாலைகளில் 12 நோயாளிகளிடம் அது காணப்பட்ட செய்தி 2013இல் வெளியாயிற்று. மரபணுவை ஆராய்ந்தபோது, வெவ்வேறு கண்டங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் அது தனித்தனியாகத் தலைதூக்கியிருப்பது தெரிந்தது. அமெரிக்கக் கணக்கின்படி அதில் பத்தில் ஒன்பது பங்கு புளூக்கொனசோலுக்கு அடங்குவதில்லை. பத்தில் மூன்று பங்கு அம்போதெரிசினுக்கும் அடங்குவதில்லை. 2020இல் கொவிட் தொற்றால் தில்லியில் அதிதீவிர சிகிச்சையில் இருந்தவர்களில் பத்துப் பேரின் இரத்தத்தில் இது புகுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். 2022 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான பங்கசுக்களின் பட்டியலை வெளியிட்டபோது, மிக உயர்ந்த ஆபத்துப் பிரிவில் வைத்த நான்கில் இதுவும் ஒன்று.

இது கையாலும் கட்டிற் சட்டத்தாலும் பரவும். இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகரத்து வைத்தியசாலையொன்றின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் 2015 முதல் 2017 வரை 70 பேரை அது பற்றியது. சுவரைத் தேய்த்தார்கள், தரையைக் கழுவினார்கள், நிற்கவில்லை. தேடிப் பார்த்தால், ஒருவரிலிருந்து மற்றவருக்கு மாற்றி அக்குளில் வைக்கப்பட்ட வெப்பமானியில் அது குடியிருந்தது. அதை அகற்றிய பிறகே பரவல் அடங்கியது. காய்ச்சல் பார்க்கும் பரிவான கையே அதைக் கொண்டுபோயிற்று! யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் கடமையையே செய்தார்கள்.

இனி நம் வயலுக்கு வருவோம். உன்னிச்சைப் பக்கத்து நெல்லுக்கு எரிபந்தமும் மடல் வெளிறலும் புதியவையல்ல. மடல் வெளிறலுக்கு அடிக்கும் தெபுகொனசோல், புரொப்பிகொனசோல், ஹெக்சகொனசோல் என்பவை எந்தக் குடும்பம்? வாட்டில் கொடுக்கும் புளூக்கொனசோலின் அதே அசோல் குடும்பம். நெல்லின் பங்கசையும் மனிதரின் பங்கசையும் அவை தாக்குவது ஒரே இடத்தில். அஸ்பேர்ஜில்லஸ் என்னும் வேறொரு பங்கசு விடயத்தில் இதன் விளைவு நன்றாக நிரூபணமாகியிருக்கிறது: நெதர்லாந்தில், வாழ்நாளில் அசோல் குளிசையே தொடாத நோயாளிகளின் நுரையீரலில் அசோலுக்கு அடங்காத பங்கசு இருந்தது. அது விளைநிலத்திலும் பூச்செடிக் கழிவுக் குவியலிலும் மருந்துக்குப் பழகி, காற்றில் வந்தது. கண்டிடா ஓரிஸைப் பற்றி அத்துணை உறுதி இல்லை, ஐயம் இருக்கிறது. நம் வங்கக் கடலின் மறுகரையிலுள்ள அந்தமான் தீவுகளின் உவர்ச் சதுப்பிலும் கடற்கரையிலும் அது இருப்பதை 2021இல் கண்டார்கள். மறு ஆண்டு, இந்தியாவில் களஞ்சியப்படுத்தி விற்ற அப்பிள்கள் சிலவற்றின் தோலிலும் கண்டார்கள். தோட்டத்தில் நேரே பறித்தவற்றில் இல்லை.

அப்படியானால் நெல்லுக்கு மருந்தடிக்கும் விவசாயி பாவம் செய்கிறாரா? இக்கேள்வியை எவரும் என்னிடம் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். நல்ல சமாரியனின் உவமையில் குற்றுயிராய்க் கிடந்தவன் வழியிலே கிடந்தான். குருவும் லேவியனும் அவனைக் கண்டார்கள், கண்டும் விலகிப் போனார்கள். அவர்களுடைய குற்றம் கண்டதில் தொடங்குகிறது. நம் காரியத்தில் காயப்பட்டவன் வழியில் கிடப்பதில்லை. அவன் பத்து ஆண்டுகள் கழித்து, முந்நூறு மைல் தொலைவில், பெயர் தெரியாத ஒரு வாட்டில் கிடப்பான். நாம் அவனைக் காணவே போவதில்லை. ஆன்ம சோதனையில் கட்டளைகளை வரிசையாக எண்ணிப் பார்க்கும் பழக்கமுள்ள நமக்கு, இதை எந்தக் கட்டளையின்கீழ் வைப்பதென்றே தெரியாது.

"என் ஒரு குளிசையால் என்ன வந்துவிடும்?" என்பது வழக்கமான மறுமொழி. அது பொய்யில்லை. ஒரு குளிசையால் அளக்கத்தக்க எதுவும் நேராது. ஒரு வாளி தண்ணீரை மொள்வதால் உன்னிச்சைக் குளம் வற்றாததைப் போல. ஆயினும் முறைத் தண்ணீரை மீறியவன், "நான் எடுத்தது கொஞ்சம்" என்று சொன்னால் கூட்டம் ஏற்றுக்கொள்ளுமா? ஏற்காது. அவன் எடுத்த அளவு பெரிதென்பதால் அல்ல; எல்லாரும் அடங்கியிருக்கும் முறைக்குள் தனக்கு மட்டும் ஒரு விதிவிலக்கை அவன் வைத்துக்கொண்டான் என்பதால். குளத்துக்கும் மருந்துக்கும் ஒரு வேற்றுமையும் உண்டு. குளத்தை மாரி மழை நிரப்பும். இழந்த மருந்தின் வலிமை எளிதில் திரும்புவதில்லை. கடைசி வயலுக்கு அடுத்த போகம் இருக்கிறது. வாட்டில் கிடப்பவருக்கு இல்லை.

ஆனால் முறை என்று ஒன்று இருந்தாலன்றோ மீறல் என்று ஒன்று இருக்கும்! மருந்துக்கு வட்டை விதானை யார்? 1987ஆம் ஆண்டுச் சுற்றுமடலொன்றில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாவ அமைப்புகளைப் பற்றி எழுதினார். அவை தனி மனிதரின் செயல்களிலிருந்தே முளைத்து, பின்பு தனி மனிதரைவிடப் பலமடைகின்றன என்பது அவரது கருத்து. இங்கே அது பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனால் சம அளவில் இல்லை. அறிவும் அதிகாரமும் கூடக்கூடப் பொறுப்பும் கூடும்.

விவசாயிமீது எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றினால் என்னவாகும் என்பதை நாம் பார்த்தோம். 2021 மே மாதம் இரசாயன உரமும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. இடையில் மாற்று வழி எதுவும் கையில் கொடுக்கப்படவில்லை. மஞ்சளடித்த வயலைப் பார்த்து நின்றவரிடம் வருங்கால நோயாளியைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்? மாறாக, எந்த இரசாயனம் வயலுக்குப் போகலாம், எது ஆஸ்பத்திரிக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் மேசைகள் உண்டு. கண்டிடா ஓரிஸுக்கும் எதிராக வேலை செய்யக்கூடிய பொஸ்மனோஜெபிக்ஸ் என்ற புதிய மருந்து மனிதரில் சோதனை முடிந்து வெளிவருமுன்பே, அதே இடத்தைத் தாக்கும் அமினோபைரிபென் என்ற பங்கசு நாசினி பயிருக்கென ஜப்பானில் உருவாக்கப்பட்டுவிட்டது. சுகாதாரத்துக்கு ஒரு மேசை, விவசாயத்துக்கு வேறொரு மேசை. இரண்டுக்கும் நடுவில் கதவில்லை. என் கணிப்பில் பெரிய குற்றம் அங்கேதான் இருக்கிறது, உன்னிச்சை வயல் வரம்பில் இல்லை.

நடுவில் நிற்பவர்கள் மருந்துக்கடைக்காரரும் வைத்தியரும். தேமலுக்கும் படர்தாமரைக்கும் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் சில, பங்கசு மருந்தோடு ஸ்ரீரொயிட்டையும் கலந்தவை. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பங்கசு அடங்காது. இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளில் படர்தாமரை மருந்துக்கு அடங்காமல் ஊர்ஊராகப் பரவியதற்கு இத்தகைய கூட்டுக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் வைத்தியர்கள் சொல்கிறார்கள். அது மதுவ இனமன்று. ஆனாலும் பாடம் ஒன்றே.

வைத்தியரின் நிலை இதைவிடக் கடினம். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேற்றும் பிள்ளைக்கு, பங்கசு வருமுன்பே காப்பாக அசோல் கொடுப்பது உண்டு. அது உயிர்களைக் காக்கிறது. அதே காப்பு, அசோலுக்கு அடங்காத இனங்களுக்கு இடம் விடவும் கூடும். நாளை வரப்போகும் பத்துப் பிள்ளைகளுக்காக இன்று கட்டிலில் இருக்கும் பிள்ளைக்கு மருந்தை மறுக்கலாமா? மறுக்கக் கூடாது என்பதே என் முடிவு. கண்முன் கிடப்பவனை எண்ணிக்கைக்காகக் கடந்து போகும் வைத்தியரிடம் எவரும் தம் பிள்ளையை ஒப்படைக்கமாட்டார். எனவே சிக்கனம் கட்டிலருகில் தொடங்க முடியாது. அதற்கு வெகு முன்னரே தொடங்க வேண்டும். கை கழுவுவதில், வெப்பமானியைத் துடைப்பதில், தேவையற்ற குழாயை நேரத்தோடு கழற்றுவதில், ஊகத்தில் எழுதாமல் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி எந்த இனம், எந்த மருந்துக்கு அடங்கும் என்று கேட்பதில். இவற்றுக்குத் தாதியரும் ஆய்வுகூடமும் பணமும் வேண்டும். அது அரசாங்கத்தின் கடன். வாட்டில் ஆளைப் பார்க்கப் போகும் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு: தாதி கை கழுவச் சொன்னால் முகம் சுளிக்காமல் கழுவுவது, ஒரு கட்டிலைத் தொட்ட கையோடு அடுத்த கட்டிலுக்குப் போகாதிருப்பது.

வயலில் செய்யக் கூடியதும் சில உண்டு. நோய் தாங்கும் நெல்லினம், அளவான யூரியா, நெருக்கி விதையாமை, அறிகுறி கண்ட பிறகே மருந்து. பெயரின் முடிவைப் பார்த்து ஏமாறவும் கூடாது: எரிபந்தத்துக்கு அடிக்கும் திரைசைக்கிளசோலின் பெயரும் அசோல் போலவே ஒலிக்கிறது, ஆனால் அது வேலை செய்யும் வழி வேறு. பெரும்போகக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளும் உரமும் பேசி முடிந்த பிறகு, விவசாயப் போதனாசிரியரிடம் மூன்று கேள்விகள் கேட்க ஐந்து நிமிடம் போதும். இவ்வருடம் சிபாரிசு செய்யும் பங்கசு நாசினி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆஸ்பத்திரியிலும் அதே குடும்பம் பயன்படுகிறதா, அதற்குப் பதிலாக வேறொன்றை அடிக்கலாமா?